செஞ்சிக் கோட்டை: ஒரே நாளில் ஏறி இறங்கிப் பார்த்துவர முழுமையான வழிகாட்டி

செஞ்சிக்குப் போகிற பலர் செய்கிற தவறு ஒன்றுதான். பத்து மணிக்கு வந்து சேர்கிறார்கள். கண்ணில் முதலில் படுகிற கல்யாண மகாலுக்குப் போய் ஒரு மணி நேரம் போட்டோ எடுக்கிறார்கள். யானைக்குளம், களஞ்சியம் என்று சுற்றிவிட்டுப் பதினொன்றரைக்கு நிமிர்ந்து ராஜகிரி மலையைப் பார்த்து, "சரி, இப்ப ஏறலாம்" என்கிறார்கள். வெயில் உச்சிக்கு வருகிற நேரத்தில் பாறை நடுவே நிற்பார்கள். கையில் இருப்பது அரை லிட்டர் தண்ணீர். பாதியில் திரும்புகிறவர்கள்தான் அதிகம்.

நானும் முதல் தடவை அப்படித்தான் திரும்பினேன். அதன்பிறகு சொந்தக்காரர்கள், அலுவலக நண்பர்கள், அவர்களின் பிள்ளைகள் என்று பல குழுக்களை அழைத்துப் போய்விட்டேன். யார் எங்கே தடுமாறுகிறார்கள் என்பது இப்போது பழகிவிட்டது. அந்த வரிசையில்தான் கீழே எழுதியிருக்கிறேன். கோட்டையின் வரலாறு வேறு எங்கும் கிடைக்கும். இங்கே வழிக்குத் தேவையான அளவு மட்டும்.

1. நாளைத் தேர்ந்தெடுப்பது

முதலில் மாதம். டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை நல்லது. மழை ஓய்ந்திருக்கும், குளங்களில் தண்ணீர் இருக்கும், சுற்றிலும் வயல் பச்சையாக இருக்கும். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை. மழை பெய்த மறுநாள் படிகளில் பாசி வழுக்கும். ஏப்ரல், மே பக்கம் போகவே வேண்டாம். செஞ்சி மலைகள் முழுக்கக் கருங்கல் உருண்டைகள். பத்து மணிக்கெல்லாம் கல் சூடேறி, மேலேயும் கீழேயும் இரண்டு பக்கமும் வறுக்கும்.

அடுத்தது நாள். இங்கேதான் வெளியூர்க்காரர்கள் ஏமாறுகிறார்கள். காலண்டரில் பௌர்ணமியையும் அமாவாசையையும் பார்த்துக்கொள்ளுங்கள். பௌர்ணமி என்றால் திருவண்ணாமலை கிரிவலம். சென்னையிலிருந்து திருவண்ணாமலை போகிற கூட்டம் செஞ்சி வழியாகத்தான் போகும். அமாவாசை என்றால் மேல்மலையனூர் அங்காளம்மன் கோயில் ஊஞ்சல் உற்சவம். அந்தக் கூட்டத்துக்கும் செஞ்சிதான் வாசல். இந்த இரண்டு நாளிலும் கோட்டையில் கூட்டம் இருக்கிறதோ இல்லையோ, பேருந்தில் நிற்க இடம் இருக்காது. கார்த்திகை தீபத்தின்போது சொல்லவே வேண்டாம்.

2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராட்டியர்களின் 12 கோட்டைகளை ஒரே தொகுப்பாக உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. மற்ற 11-ம் மகாராஷ்டிரத்தில். தமிழ்நாட்டில் இருப்பது செஞ்சி ஒன்றுதான். அதனால் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைத் தவிர்க்க முடிந்தால் தவிர்த்துவிடுங்கள். வார நாள் காலை என்றால் மலை ஏறத்தாழ உங்களுடையது.

2. எந்த மலை என்று வீட்டிலேயே முடிவு செய்வது

செஞ்சிக் கோட்டை என்பது ஒரு மலை அல்ல, மூன்று. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்கம். மூன்றையும் இணைத்து ஏறத்தாழ 13 கி.மீ. நீளத்துக்கு மதில் ஓடுகிறது. செஞ்சியிலிருந்து திருவண்ணாமலை போகும் நெடுஞ்சாலை இந்த மதில்களுக்கு ஊடாகத்தான் செல்கிறது. ஊரிலிருந்து வரும்போது இடது கையில் ராஜகிரி, வலது கையில் கிருஷ்ணகிரி.

மூன்றாவது மலையை மறந்துவிடுங்கள். ஒழுங்கான பாதை இல்லை, புதர் மண்டிக் கிடக்கிறது. ராஜகிரி உச்சியிலிருந்தே அதன் மதிலைப் பார்த்துக்கொள்ளலாம்.

மீதி இரண்டில், உடம்பு ஒத்துழைக்கிறவர்களுக்கு ராஜகிரி. 800 அடி மலை என்று சொல்வார்கள். முழங்கால் சொல்லும் கணக்கு வேறு. சாதாரணமாக நடக்கிற ஆள் ஒன்றே கால் மணி, ஒன்றரை மணி நேரத்தில் ஏறிவிடலாம். சின்னப் பிள்ளைகள் இருந்தால் இரண்டு மணி நேரம். பெரியவர்கள், மூச்சு வாங்குகிறவர்கள், பாதி நாள் மட்டுமே உள்ளவர்களுக்குக் கிருஷ்ணகிரி. இது அரை மணி, முக்கால் மணி ஏற்றம்தான், கட்டடங்களும் அழகு. 'ராணி கோட்டை' என்று ஊரில் சொல்வது இதைத்தான்.

இரண்டையும் ஒரே நாளில் பார்க்கலாமா? பார்க்கலாம். ஆனால் ராஜகிரியை முதலில் முடித்திருக்க வேண்டும். "சின்னதை முதலில் ஏறிப் பழகுவோம்" என்று கிருஷ்ணகிரியில் ஆரம்பித்த குழு எதுவும் அன்றைக்கு ராஜகிரி உச்சியைத் தொட்டதாக என் நினைவில் இல்லை.

குழுவாகப் போவதானால் இந்த முடிவை வீட்டிலேயே எடுத்துவிடுங்கள். யார் ஏறுவது, யார் கீழே இருப்பது, எத்தனை மணிக்கு எங்கே சந்திப்பது. அடிவாரத்தில் நின்று இதைப் பேச ஆரம்பித்தால் அரை மணி நேரம் போய்விடும். அதுவும் காலையில் போகிற அரை மணி நேரம்.

3. பையில் என்ன இருக்க வேண்டும்

தண்ணீர்: ஆளுக்கு இரண்டு லிட்டர். மலைமேல் கடை கிடையாது. "மேலே ஏதாவது விற்பார்கள்" என்பதுதான் செஞ்சியில் நான் அதிகம் கேட்ட தப்பான நம்பிக்கை. இரண்டு லிட்டரையும் ஒரே பெரிய பாட்டிலில் எடுக்காமல் இரண்டாகப் பிரித்து எடுங்கள். ஒன்று காலியானால் திரும்ப வேண்டிய நேரத்தை யோசிக்கலாம். ஒரே பாட்டிலில் அந்த எச்சரிக்கை கிடைக்காது. ஒரு உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலமும் இருக்கட்டும்.

பை: தோளில் இரண்டு பக்கமும் மாட்டுகிற, ஜிப் உள்ள பை. இதற்குக் காரணம் குரங்கு. செஞ்சிக் குரங்குகளுக்குப் பிளாஸ்டிக் கவரின் சரசர சத்தம் சாப்பாட்டு மணி மாதிரி. கையில் கவர் தொங்கினால் அது உங்களுடையது இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை என்னோடு வந்த நண்பர் பிஸ்கட்டையும் கார் சாவியையும் ஒரே கவரில் போட்டுக்கொண்டு ஏறினார். பிஸ்கட் போனதில் யாருக்கும் வருத்தமில்லை. சாவிக்காக முக்கால் மணி நேரம் பாறை இடுக்கில் தேடினோம். சாவி, பணம், போன் எல்லாம் பேன்ட் பையிலோ ஜிப்புக்குள்ளோ இருக்க வேண்டும்.

சாப்பாடு: கொஞ்சமாக, வாசனை இல்லாததாக, பைக்கு அடியில். வேர்க்கடலை மிட்டாய், பேரீச்சம்பழம் போதும். வாழைப்பழம் கண்டிப்பாக வேண்டாம். புளியோதரை கட்டிக்கொண்டு வந்தவர்கள் அதைக் கீழே இறங்கி வந்து சாப்பிடட்டும். குரங்கு கிட்டே வந்தால் கண்ணுக்குக் கண் பார்த்துச் சிரிக்காதீர்கள்; பல் தெரிவது அதற்கு மிரட்டல். ஓடவும் வேண்டாம். பையை முன்பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு நடங்கள்.

காலில்: பிடிப்புள்ள ஷூ. ரப்பர் செருப்பு ஏறும்போது ஒன்றும் செய்யாது, இறங்கும்போதுதான் வழுக்கும். புடவை, வேட்டியில் ஏறுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். ஊர்ப் பெண்கள் ராஜகிரி வழியில் இருக்கும் கமலக்கண்ணி அம்மன் கோயிலுக்கு அப்படித்தான் ஏறுகிறார்கள். அவர்களுக்குப் பழக்கம், நமக்கு இல்லை.

தலையில்: தொப்பி அல்லது துண்டு. குடை வேண்டாம். மேலே காற்று அடிக்கிற வேகத்தில் குடை திரும்பிக்கொள்ளும், படிக்கட்டில் அது ஆபத்து.

டிரோன் இருந்தால் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். தொல்லியல் துறை இடங்களில் முன் அனுமதி இல்லாமல் பறக்கவிட முடியாது. முக்காலிக்கும் அனுமதி கேட்பார்கள்.

4. போய்ச் சேருவது

இலக்கு இதுதான்: டிக்கெட் கவுண்டர் திறக்கும்போது நீங்கள் அதன் முன்னால் நிற்க வேண்டும்.

சென்னையிலிருந்து காரில் வருகிறவர்கள் ஜி.எஸ்.டி. சாலையில் திண்டிவனம் வந்து, அங்கிருந்து திருவண்ணாமலை சாலையில் திரும்ப வேண்டும். திண்டிவனத்திலிருந்து செஞ்சி 28 கி.மீ. போல. மொத்தம் மூன்று மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தரைக்குக் கிளம்பினால் சரியாக இருக்கும். காலைச் சாப்பாட்டைத் திண்டிவனத்திலோ செஞ்சி ஊருக்குள்ளோ முடித்துவிடுங்கள். கோட்டைப் பக்கம் ஓட்டல் என்று சொல்லும்படி எதுவும் கிடையாது. ஆனால் வயிறு முட்டச் சாப்பிடாதீர்கள். பொங்கல், வடை சாப்பிட்டுவிட்டு ஏறியவர்கள் படும் பாட்டைப் பார்த்திருக்கிறேன். இரண்டு இட்லி போதும்.

பேருந்தில் வருகிறவர்கள் கிளாம்பாக்கத்தில் திருவண்ணாமலை பேருந்து ஏறலாம். திண்டிவனம், செஞ்சி வழியாகப் போகிறதா என்று கேட்டுக்கொண்டு ஏறுங்கள். ரயில் என்றால் எழும்பூரிலிருந்து விழுப்புரம் பக்கம் போகும் ரயிலில் திண்டிவனத்தில் இறங்கி, அங்கிருந்து பேருந்து.

கோட்டை, செஞ்சி பேருந்து நிலையத்திலிருந்து மேற்கே 2 கி.மீ. தூரம். திருவண்ணாமலைப் பேருந்து கோட்டை வழியாகத்தான் போகும். நடத்துநரிடம் முன்கூட்டியே சொன்னால் சிலர் அங்கே நிறுத்துவார்கள், சிலர் நிறுத்த மாட்டார்கள். நிலையத்தில் இறங்கி ஆட்டோ பிடிப்பதில் குழப்பம் இல்லை. நடந்தே போய்விடலாம் என்று தோன்றும். வேண்டாம். அந்தக் கால் பலம் மலைக்குத் தேவை.

ஆட்டோக்காரரிடம் "கோட்டை" என்று மட்டும் சொல்லாதீர்கள். சாலையிலேயே இறக்கிவிட்டால் உள்ளே வெயிலில் நடக்க வேண்டியிருக்கும். "ராஜகிரி டிக்கெட் கொடுக்கிற இடம்" என்று சொல்லுங்கள்.

5. டிக்கெட்

நான் கடைசியாகப் போனபோது இந்தியர்களுக்கு 25 ரூபாய், வெளிநாட்டவருக்கு 300 ரூபாய். 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு இலவசம். இலங்கையிலிருந்து வருகிறவர்கள் கவனிக்க: சார்க் (தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பு) நாட்டவருக்கும் இந்தியக் கட்டணம்தான். பாஸ்போர்ட்டைக் காட்டிக் கேளுங்கள். கேட்காமல் 300 கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மலேசியா, சிங்கப்பூர் சொந்தங்களுக்கு இந்தச் சலுகை இல்லை.

ஆன்லைனில் வாங்கினால் சில ரூபாய் குறைவு. ஆனால் கவுண்டரில் நின்றுகொண்டு போனில் நெட் கிடைக்காமல் தடுமாறுவதைவிடச் சில்லறையாகக் கொடுப்பது எளிது.

வாங்கிய டிக்கெட்டைக் கசக்கிப் போட்டுவிடாதீர்கள். மதியம் கிருஷ்ணகிரிக்குப் போகும்போது அங்கேயும் கேட்பார்கள். இரண்டுக்கும் இதே டிக்கெட்தான்.

இன்னொரு விஷயம், இதுதான் முக்கியம்: மதியம் 3 மணிக்கு மேல் மலையேற விடுவதில்லை. காவலரிடம் கெஞ்சிப் பயனில்லை. இருட்டுவதற்குள் எல்லாரும் இறங்கியாக வேண்டும் என்பதுதான் காரணம். மலையில் விளக்கு இல்லை. தனியாக ஏறுகிறவர்கள் காவலரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஏறுங்கள். சாயங்காலம் ஆள் இறங்கவில்லை என்றால் தேடுவதற்கு அவராவது இருப்பார்.

6. கீழே எதையும் பார்க்காமல் நடப்பது

கவுண்டரைத் தாண்டியதும் கல்யாண மகால் கண்ணை இழுக்கும். அடுக்கடுக்காக எட்டு நிலை, உச்சியில் கூம்பு. போட்டோவில் பார்த்தது நேரில் நிற்கும்போது யாருக்கும் கால் நகராது. நகர்த்துங்கள். அது நானூறு வருஷமாக அங்கேயே இருக்கிறது, மதியமும் இருக்கும்.

கீழே இருக்கும் கட்டடங்களில் கூரை உண்டு, நிழல் உண்டு. மலையில் இல்லை. நிழல் உள்ள இடத்தை வெயில் நேரத்துக்கு வைத்துக்கொள்வதுதான் புத்தி. கழிப்பறை வேலையையும் இங்கேயே முடித்துவிடுங்கள். மேலே வசதி கிடையாது.

7. ராஜகிரி ஏற்றம்

முதல் பத்து நிமிடம் மெதுவாக நடங்கள். வேண்டுமென்றே மெதுவாக. எல்லாப் பிள்ளைகளும் முதல் ஐம்பது படியை ஓடி ஏறுவார்கள், அப்புறம் தூக்கச் சொல்வார்கள். படிகள் ஒரே அளவில் இல்லை. ஒன்று அரை அடி, அடுத்தது ஒன்றரை அடி. ஒரு தாளத்தில் ஏற முடியாது. அதனால்தான் வழக்கமாக மாடிப்படி ஏறுகிறவர்களுக்கும் இங்கே சீக்கிரம் களைத்துப் போகிறது. சிலர் படிகளை எண்ணிக்கொண்டே ஏறுவார்கள். எண்ணாதீர்கள், முந்நூறிலேயே மனசு விட்டுப்போகும்.

கீழ்ப் பாதியில் அங்கங்கே மரநிழல் இருக்கிறது. ஓய்வு எடுப்பதானால் இங்கே எடுங்கள், பாறைப் பகுதியில் அல்ல. உட்காரும்போது நடுப்படியில் உட்காராமல் ஓரமாக உட்காருங்கள். உட்கார்ந்ததும் பையைத் திறக்கத் தோன்றும். திறக்கும் முன் மரத்தை ஒருமுறை நிமிர்ந்து பாருங்கள்.

வழியில் வாசலுக்கு மேல் வாசலாக வரும். ஒவ்வொன்றிலும் பாதை நேராகப் போகாமல் சட்டென்று மடங்குவதைக் கவனியுங்கள். ஓடிவந்து மோதுகிற யானைக்கும் ஆளுக்கும் வேகம் எடுக்க இடம் தரக் கூடாது என்று கட்டியது. அவுரங்கசீப்பின் படை 1690-லிருந்து 1698 வரை இந்தக் கோட்டைக்கு வெளியே கிடந்தது என்றால் காரணம் உங்கள் மூச்சிரைப்பிலேயே தெரிந்துவிடும். நமக்கு இதில் ஒரு லாபம் உண்டு: வளைவுகளில்தான் நல்ல நிழலும் காற்றும் இருக்கும்.

பாதையை விட்டு விலகாதீர்கள். குறுக்கு வழி மாதிரித் தெரிகிற ஒற்றையடித் தடங்கள் பல, இடிந்த மதிலில் முட்டி நின்றுவிடும். தடுப்புக் கம்பி எல்லா இடத்திலும் இல்லை. புதரில் பாம்பும் உண்டு.

பிறகு கமலக்கண்ணி அம்மன் கோயில் வரும். இந்த மலைக்கே காவல் தெய்வம். ஊர்க்காரர்கள் வந்து கும்பிடுகிற உயிருள்ள கோயில். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுங்கள், உட்கார்ந்து சாப்பிடும் இடமாக ஆக்காதீர்கள். இங்கே நின்று ஒரு கணக்குப் போட வேண்டும். முதல் பாட்டில் தண்ணீர் இன்னும் இருக்கிறதா? யாருக்காவது தலை சுற்றுகிறதா? குழுவில் ஒருவருக்கு முடியவில்லை என்றால் திரும்ப வேண்டிய இடம் இதுதான். இதற்கு மேல் நிழல் குறைவு, ஏற்றம் செங்குத்து. ஒருமுறை என் சித்தப்பாவை "இன்னும் கொஞ்சம்தான், இன்னும் கொஞ்சம்தான்" என்று சொல்லியே மேலே கூட்டிப்போனேன். ஏறிவிட்டார். இறங்க இரண்டரை மணி நேரம் ஆனது, இரண்டு பேர் தாங்கிப் பிடித்தோம். அதிலிருந்து நான் யாரிடமும் "கொஞ்சம்தான்" என்று சொல்வதில்லை.

உச்சிக்குச் சற்றுக் கீழே மலை இரண்டாகப் பிளந்திருக்கும். சுமார் 7 மீட்டர் அகலம், 18 மீட்டர் ஆழம். இயற்கையான பிளவுதான், ஆனால் மனிதன் இன்னும் வெட்டி ஆழமாக்கியிருக்கிறான். அதன் குறுக்கே ஒரு பாலம். அந்தக் காலத்தில் மரப்பாலத்தை எடுத்துவிட்டால் மேலே இருப்பவர்களை யாரும் தொட முடியாது. உயரத்தைக் கண்டு பயப்படுகிறவர்கள் பலகையைப் பார்க்காமல் எதிர் வாசலைப் பார்த்தபடி கடந்துவிடுங்கள். பாலத்தின் நடுவே நின்று செல்ஃபி எடுக்க வரிசை கட்டுவார்கள். பின்னால் வருகிறவர்கள் வெயிலில் நிற்பார்கள் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

பாலம் தாண்டிவிட்டால் ஏறியாகிவிட்டது என்றே சொல்லலாம். மிச்சம் பத்து நிமிடம்.

8. உச்சியில்

போன உடனே விளிம்புக்குப் போகாதீர்கள். ஏறிய களைப்போடு அங்கே நின்றால் கண் இருட்டலாம். ரங்கநாதர் கோயில் நிழலில் ஐந்து நிமிடம் உட்காருங்கள். உள்ளே மூலவர் இல்லாத கோயில்தான், ஆனாலும் தூண்களுக்கு இடையே வருகிற காற்றுக்காகவே உட்காரலாம்.

பிறகு சுற்றுங்கள். களஞ்சியம், கருவூலம், மணிக்கூண்டு, ஒரு பெரிய பீரங்கி. மணிக்கூண்டுப் பக்கம் நின்றால் நாட்டின் வரைபடம் மாதிரி எல்லாம் தெரியும்: கீழே கல்யாண மகால் விளையாட்டுச் சாமான் அளவில், வடக்கே கிருஷ்ணகிரி, தென்கிழக்கே சந்திராயன் துர்கம், மூன்றையும் தைத்துக்கொண்டு ஓடும் மதில். கீழ்க்கோட்டையின் அமைப்பை இங்கிருந்து ஒருமுறை நன்றாகப் பார்த்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இறங்கிப் போய்ச் சுற்றும்போது எது எங்கே என்று யாரையும் கேட்க வேண்டியிருக்காது. மலையை முதலில் ஏறச் சொல்வதற்கு இது இரண்டாவது காரணம்.

மேலே அரை மணி, முக்கால் மணி நேரம் போதும். சுவரில் பெயர் எழுதியிருப்பதைப் பார்த்துக் கோபம் வரும். வரட்டும்.

9. இறக்கம்

விழுகிறவர்கள் எல்லாரும் இறங்கும்போதுதான் விழுகிறார்கள். ஏறும்போது கண் படியில் இருக்கும், இறங்கும்போது பேச்சிலும் காட்சியிலும் இருக்கும். உயரமான படிகளில் உடம்பைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பி இறங்குங்கள். முழங்காலுக்கு அதிர்ச்சி குறையும். போனில் படம் பிடித்துக்கொண்டே இறங்காதீர்கள்.

பதினொன்றரை, பன்னிரண்டுக்குள் கீழே வந்துவிட்டால் நாள் உங்கள் கையில். இறங்கும் வழியில், இப்போதுதான் ஏறத் தொடங்குகிற கூட்டம் எதிரே வரும். "இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்பார்கள். உண்மையைச் சொல்லுங்கள்.

10. கீழ்க்கோட்டை

இப்போது கல்யாண மகால். சதுரமான முற்றம், சுற்றிலும் வளைவுகள் உள்ள அறைகள், நடுவே கோபுரம். மேல் நிலைகளுக்குத் தண்ணீர் ஏற்றிய மண்குழாயின் தடத்தைத் தேடிப் பாருங்கள். பிள்ளைகளுக்கு இது நல்ல வேலை.

அடுத்தது களஞ்சியமும் அதையொட்டிய உடற்பயிற்சிக் கூடமும். சுவரின் கனத்தைக் கையால் அளந்து பாருங்கள். வெளியே கொளுத்தும்போது உள்ளே இருக்கிற குளிர்ச்சிக்கு அதுதான் காரணம். மதிய ஓய்வுக்கு இதைவிட நல்ல இடம் இல்லை. வௌவால் நாற்றம் கொஞ்சம் இருக்கும். யானைக்குளம், அகழ்ந்தெடுத்த அரண்மனைத் தளம், வளைவு வளைவாக நீளும் குதிரை லாயம் எல்லாம் பக்கத்திலேயே. இவற்றுக்கு ஒரு மணி நேரம் போதும்.

இதோடு வெளியேறிவிடுகிறவர்கள் வெங்கடரமணர் கோயிலைத் தவறவிடுகிறார்கள். அது கோட்டையின் 'புதுச்சேரி வாசல்' பக்கம், வேறு வழியில் இருக்கிறது. கோட்டைக்குள் இருப்பதிலேயே பெரிய கோயில். கோபுர வாசலில் இராமாயணமும் பாற்கடலும் கல்லில் ஓடும். உள்ளே போனால் மண்டபங்களில் ஏதோ குறைவது போலத் தோன்றும். இங்கிருந்து போன ஒற்றைக்கல் தூண்களைப் புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றிப் பார்த்திருப்பீர்கள். பிரெஞ்சுக்காரர்கள் கொண்டுபோனது.

சக்கரக்குளம், செட்டிக்குளம் பக்கம் போகிறவர்கள் படியோடு நின்றுகொள்ளுங்கள். கால் நனைக்கலாம் என்று இறங்கினால் பாசி இழுத்துவிடும், ஆழம் தெரியாது. குளத்துக்கு அருகே ஒரு பெரிய உருண்டைப் பாறையும், அதன் தலையில் செங்கல் கைப்பிடிச் சுவரும் தெரியும். 'கைதிக் கிணறு' என்பார்கள். மேலேயிருந்து உள்ளே இறக்கிப் பட்டினி போட்டார்கள் என்பது கதை. செஞ்சியை ஆண்ட தேசிங்கு ராஜனுக்குச் சிதை மூட்டியதாகச் சொல்லும் மேடையும் இந்தப் பக்கம்தான்.

11. கிருஷ்ணகிரி, கால் இருந்தால்

ஊருக்குள் போய் மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு இரண்டு, இரண்டேகாலுக்கு கிருஷ்ணகிரி வாசலில் இருங்கள். 3 மணி விதி இங்கேயும் உண்டு என்று நினைத்தே நேரம் ஒதுக்குங்கள். படிகள் ராஜகிரியைவிட ஒழுங்கு. மேலே ரங்கநாதர் கோயில், எண்ணெய்க்கும் நெய்க்கும் கட்டிய தொட்டிகள், களஞ்சியங்கள். ஆனால் ஏறுவது ஒரே ஒரு இடத்துக்காக: குவிமாடம் போட்ட தர்பார் மண்டபம். நாலு பக்கமும் வளைவு, எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் காற்று. எதிரே காலையில் நீங்கள் ஏறிய ராஜகிரி முழுசாக நிற்கும். மாலை வெயில் மதிலில் விழும்போது படம் எடுக்க இதுதான் இடம். ராஜகிரியில் நின்று ராஜகிரியைப் படம் எடுக்க முடியாது இல்லையா?

கால் நடுங்கினால் இதை விட்டுவிடுங்கள். ஏற்கெனவே களைத்த காலோடு இறங்கும்போதுதான் கணுக்கால் பிசகும்.

12. மலை வேண்டாம், நேரம் மட்டும் இருக்கிறது என்றால்

செஞ்சிக்கு வடக்கே சிங்கவரம் போகும் வழியில் திருநாதர்குன்று. ஆட்டோவில் சில நிமிடம். ஒரே பாறையில் செதுக்கிய 24 சமணத் தீர்த்தங்கரர்கள், மேல் வரிசையில் 12, கீழ் வரிசையில் 12. பக்கத்துப் பாறையில் ஒரு பழைய கல்வெட்டு: சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் 57 நாள் உண்ணாமல் இருந்து உயிர்விட்ட இடம் அது என்கிறது. பெரும்பாலும் அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். அதற்கும் அப்பால் சிங்கவரத்தில் பல்லவர் குடைவரையில் பள்ளிகொண்ட ரங்கநாதர். கோயில் மாலையில்தான் மறுபடி திறக்கும், அர்ச்சகர் நேரத்தை ஆட்டோக்காரரிடமே விசாரித்துக்கொள்ளுங்கள்.

திரும்பும்போது ஞாயிறு மாலை என்றால் கோட்டை வாசலில் நின்று பேருந்தைக் கைகாட்டாதீர்கள். திருவண்ணாமலையிலிருந்தே நிறைந்து வரும், நிற்காது. செஞ்சி பேருந்து நிலையத்துக்கு வந்து திண்டிவனம் போகும் உள்ளூர்ப் பேருந்தில் உட்கார்ந்து போங்கள், அங்கிருந்து சென்னைக்கு வண்டி கிடைத்துக்கொண்டே இருக்கும்.